மெஷின் ஓடுறது வேற, ஆள் தேறுறது வேற: எக்மோ ஐசியு வாசல்ல நான் தெரிஞ்சுக்கிட்டது

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு, வீட்லதான் இருக்காரு, பேசுறாரு, நடக்கிறாரு, ஆனா முழுசா பழைய ஆளு இல்ல. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, அந்த நேரத்துல நான் போன்ல தேடித் தேடிப் படிச்ச எல்லாத்துலயும் நேரா கடைசி வரிக்குத்தான் ஓடினேன், ஆள் பொழைச்சாரா இல்லையான்னு பார்க்க. நீங்களும் இப்போ ஏதோ ஒரு ஐசியு வாசல்ல சேர்ல உக்காந்துக்கிட்டு எக்மோ (இதயமும் நுரையீரலும் செய்ற வேலையை உடம்புக்கு வெளிய இருந்து செய்ற மெஷின்) போட்டா பொழைப்பாங்களான்னு தேடிட்டு இருந்தீங்கன்னா, அதுக்கு ஒரு வார்த்தைல பதில் கிடையாது. ஆனா என்னென்ன நடக்கும், எப்போ எதைக் கேக்கணும், எதுக்கெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கணும்னு சொல்ல முடியும். எனக்கு அதைச் சொல்ல அன்னைக்கு ஒரு ஆள் இல்ல.

அவருக்கு இன்னும் 50 கூட ஆகல. பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுவாரு, அவ்வளவுதான். சாயங்காலம் ஹால்ல உக்காந்து என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தவர் பாதிப் பேச்சுல அப்படியே சரிஞ்சாரு. கண்ணு திறந்திருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல, தொண்டைல இருந்து கொர் கொர்னு ஒரு சத்தம், விட்டு விட்டு வருது. நான் மூச்சு இருக்கு மூச்சு இருக்குன்னு கத்திக்கிட்டு இருக்கேன், மாடி வீட்டுத் தம்பி ஓடி வந்து பார்த்துட்டு, "அக்கா, இது மூச்சு இல்ல, தள்ளுங்க"ன்னு சொல்லி அவரை இழுத்துத் தரையில போட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுட்டான். அவங்க ஆபீஸ்ல சிபிஆர் டிரெயினிங் குடுத்திருக்காங்க. இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன், இதயம் நிக்கிறப்போ வர்ற அந்தக் கொர் சத்தத்தை மூச்சுன்னு நம்பிடாதீங்க, இதயம் நின்ன பிறகும் கொஞ்ச நேரம் அது வரும். ஆள் நினைவில்லாம கிடந்து மூச்சு நார்மலா இல்லன்னா அழுத்த ஆரம்பிக்கணும், நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, பெரியவங்களுக்கு 5, 6 சென்டிமீட்டர் உள்ள போற அளவுக்கு. எலும்பு உடையுற சத்தம் கேட்டுச்சு எனக்கு, நான் அலறினேன், அவன் நிறுத்தல. யாரும் அழுத்தாம ஷாக்கும் குடுக்காம போற ஒவ்வொரு நிமிஷமும் பொழைக்கிற வாய்ப்பு 7-ல இருந்து 10 சதவீதம் கொறையுமாம். பின்னாடி எல்லா டாக்டரும் ஒரே மாதிரி சொன்னது, அந்தத் தம்பி இல்லன்னா எந்த மெஷினும் அவருக்குத் தேவைப்பட்டே இருக்காது.

ஆம்புலன்ஸ்ல வந்தவங்க பேட் ஒட்டிப் பார்த்துட்டு வி.எஃப்னு பேசிக்கிட்டாங்க. அப்படின்னா இதயம் மொத்தமா நின்னுடல, தாறுமாறா நடுங்கிக்கிட்டு இருக்கு, ஆனா ரத்தத்தைத் தள்ள மாட்டேங்குது. ஷாக் குடுத்தாங்க, திரும்ப நடுங்குது, திரும்ப ஷாக், மருந்து, திரும்ப ஷாக். மூணாவதுக்கும் மசியலன்ன உடனே ஒருத்தர் போன்ல யார்கிட்டயோ பேசினாரு, இன்னொருத்தர் அவர் நெஞ்சு மேல பிஸ்டன் வச்ச ஒரு மெஷினைக் கட்டினாரு, அதுவே டக் டக்னு அழுத்த ஆரம்பிச்சுது, அப்படியே தூக்கிட்டு ஓடிட்டாங்க. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, அதைத் தாண்டி வண்டி போகுது. எனக்கு உயிரே போச்சு, ஏன் இங்க நிறுத்தலன்னு சண்டை போட்டேன். அவங்க பதில் சொல்லல, சொல்ல நேரமும் இல்ல. விஷயம் பிற்பாடுதான் புரிஞ்சுது. மூணு ஷாக்குக்கு அடங்காத இதயம் அதே முறைல இன்னும் அரை மணி நேரம் அழுத்தினா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி, அதனால எக்மோ இருக்கிற, ராத்திரிலயும் அதைப் போட ஆள் இருக்கிற இடத்துக்கு நேரா கொண்டு போயிடணும். எல்லா பெரிய ஆஸ்பத்திரிலயும் எக்மோ இருக்காது, மெஷின் இருந்தாலும் எந்த நேரமும் டீம் இருக்கும்னு சொல்ல முடியாது. வீட்ல இதய நோயாளி இருந்தா இந்த ஒரு கேள்வியை அவங்க டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, நம்ம சுத்துவட்டாரத்துல 24 மணி நேரமும் இது எங்க செய்றாங்கன்னு.

கேஷுவால்டி வாசல்லயே ஒரு டாக்டரம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. விழும்போது யாராவது பார்த்தீங்களா? எத்தனை மணி? அழுத்த ஆரம்பிச்சது எப்போ, விழுந்த உடனேயா, தேடிப்போய் ஆள் கூட்டிட்டு வந்தா? வயசு என்ன? கிட்னி, லிவர், கேன்சர் ஏதாவது? வேலைக்குப் போறவரா, தன் வேலையைத் தானே செய்வாரா? என் புருஷன் உள்ள கிடக்கிறாரு, இங்க என்னை போலீஸ் விசாரணை மாதிரி குடையுறாங்களேன்னு எனக்கு ஆத்திரம். ஆனா அந்தக் கேள்விகள்தான் எக்மோ போடுறதா வேணாமாங்கிறதை முடிவு பண்றது. விழுந்ததை யாராவது பார்த்திருக்கணும், சில நிமிஷத்துக்குள்ள சிபிஆர் ஆரம்பிச்சிருக்கணும், வி.எஃப் மாதிரி ஷாக் குடுத்தா சரியாகக்கூடிய துடிப்பா இருந்தா நல்லது, ரொம்ப வயசாகியிருக்கக் கூடாது, விழுந்ததுல இருந்து மெஷின் ஓடுற வரைக்கும் சுமார் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். இடத்துக்கு இடம் எல்லைக்கோடு கொஞ்சம் மாறும், ஆனா எல்லாரும் பார்க்கிறது இதைத்தான். கைல அழுத்துற சிபிஆர் எவ்வளவு நல்லா செஞ்சாலும் நார்மலா போற ரத்தத்துல மூணுல ஒரு பங்கு கூட போகாது, மூளை அதை வச்சு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்ங்கிறதுதான் கணக்கு. அதனால அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து வச்சுக்கோங்க. நான் பார்க்கல, மாடி வீட்டுத் தம்பியோட போன்ல எமர்ஜென்சிக்குக் கூப்பிட்ட நேரம் பதிவாகி இருந்துச்சு, அதை வச்சுத்தான் சொன்னோம். உங்களுக்கும் நேரம் ஞாபகம் இல்லன்னா கால் லிஸ்ட்டைத் திறந்து காட்டுங்க, அது போதும்.

வெளிய காத்திருந்த ஹால்ல இன்னொரு குடும்பம் இருந்தாங்க, அவங்க அப்பாவுக்கு எக்மோ போட மாட்டோம்னு சொல்லிட்டாங்கன்னு அந்தப் பையன் சுவத்துல குத்திக்கிட்டு இருந்தான். பணம் இல்லன்னு நினைச்சுட்டாங்களான்னு என்கிட்ட கேட்டான். அவங்க அப்பா தனியா இருந்தப்போ விழுந்திருக்காரு, எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தார்னு யாருக்கும் தெரியாது. மூளைக்கு ரத்தம் போகாத நேரம் தெரியலன்னா, இதயத்தையும் நுரையீரலையும் மெஷின் பார்த்துக்கும், உள்ள ஆள் இல்லாமலே போயிருக்கலாம். மாட்டேன்னு சொன்ன டாக்டர் கல்நெஞ்சுக்காரர் இல்ல. இதை அந்தப் பையனுக்கு யாரும் உக்கார வச்சுச் சொல்லல, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கோவம்.

எங்கிட்ட கையெழுத்து வாங்குறப்போ டாக்டர் சொன்னது ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. "அம்மா, இது அவர் இதயத்துக்கு வைத்தியம் இல்ல, வைத்தியம் பண்றதுக்கு எங்களுக்குக் கிடைக்கிற நேரம்." அப்போ காதுல விழுந்துச்சு, மண்டைல ஏறல. கோர்ட்ல வக்கீல் வாங்குற வாய்தா மாதிரிதான் எக்மோ, கேஸ் ஜெயிச்சதாவும் இல்ல தோத்ததாவும் இல்ல. தொடை இடுக்குல சிரை வழியா ஒரு பெரிய குழாய் விட்டு அதை இதயத்துக்குப் பக்கத்துல வரைக்கும் ஏத்துறாங்க, அதுல ரத்தத்தை வெளிய இழுத்து ஒரு பம்பு வழியா ஆக்சிஜனேட்டர்ங்கிற பெட்டிக்கு அனுப்புறாங்க, அங்க கரியமில வாயு போய் ஆக்சிஜன் ஏறி, இன்னொரு குழாய் வழியா தொடைத் தமனிக்குள்ள திரும்ப போகுது. நிமிஷத்துக்கு 3-ல இருந்து 5 லிட்டர். ஒரு குழாய்ல கருஞ்சிவப்பு, இன்னொண்ணுல பளிச்னு சிவப்பு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடும். இத்தனையும் நெஞ்சை அழுத்திக்கிட்டே இருக்கும்போதே போடுறாங்கங்கிறதுதான் இதுல கஷ்டம். மெஷின் ஓடின பிறகுதான் அழுத்துறதை நிறுத்தினாங்க, நேரா ஆஞ்சியோவுக்குக் கொண்டு போனாங்க, இதயத்தோட முன்பக்க ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருக்கு, ஸ்டென்ட் வச்சாங்க. ஷாக்குக்கு அடங்காத வி.எஃப் கேஸ்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இப்படி அடைப்பு இருக்குமாம், அதனாலதான் முதல்ல மெஷின், பின்னாடி ஆஞ்சியோ.

முதல் தடவை உள்ள விட்டப்போ பார்த்ததை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா நான் அப்படி வாசல்லயே உக்காந்திருக்க மாட்டேன். முகம் வீங்கி அடையாளம் தெரியல. வாய்ல வென்டிலேட்டர் குழாய், கழுத்துல லைன், மூக்கோரத்துல காஞ்ச ரத்தம், நெஞ்சு முழுக்கக் கருநீலம். மானிட்டர்ல பிரஷர் காட்டுற கோடு மேல கீழ போகாம கிட்டத்தட்ட நேரா ஓடுது. சினிமாவுல அந்தக் கோடு நேரா போனா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியும் இல்லையா, எனக்குக் கால் நடுங்கிடுச்சு. அங்க இருந்த சிஸ்டர்தான் சொன்னாங்க, இதயம் இப்போ ரொம்ப லேசாத்தான் அசையுது, ரத்தத்தை மெஷின் ஒரே சீரா தள்ளுறதால அலை வராது, நீங்க கோட்டைப் பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கிற சராசரி பிரஷர் நம்பரைப் பாருங்கன்னு. அன்னைக்கு ராத்திரி அத்தை ஊர்ல இருந்து போன் பண்ணி, "ஏம்மா, நெஞ்சு துடிக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லு"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? துடிக்குதுன்னு சொன்னா பொய், இல்லன்னு சொன்னா அந்தம்மா அங்கயே போயிடுவாங்க. மெஷின் பார்த்துக்குது அத்தைன்னு மட்டும் சொன்னேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும், பதிலைத் தயாரா வச்சுக்கோங்க. முடிஞ்சா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பேசுற வேலையை வேற ஒருத்தர் தலைல கட்டிடுங்க. என் கொழுந்தன் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு அந்த போன்கள்தான் பெரிய சித்திரவதை.

அந்த ராத்திரி நான் தேடிப் படிச்சதுல முதல்ல மாட்டினது ஆன்னா போகென்ஹோம் கதை. 1999-ல நார்வேல பனிச்சறுக்குல போய் உறைஞ்ச ஓடைக்குள்ள மாட்டிக்கிட்டவங்க, உடம்பு 13.7 டிகிரிக்கு இறங்கிடுச்சு, ஆஸ்பத்திரில மெஷின் வழியா ரத்தத்தைச் சூடேத்திப் பொழைக்க வச்சாங்க, திரும்ப டாக்டராவே வேலை பார்த்தாங்க. படிச்சுட்டு குதிச்சேன். ஆனா அவங்க கேஸ் வேற, மூளைக்கு ஆக்சிஜன் தீர்றதுக்கு முன்னாடியே உடம்பு குளிர்ந்து போச்சு, குளிர்ந்த மூளைக்குத் தேவை கம்மி. வீட்டு ஹால்ல விழுந்த என் வீட்டுக்காரருக்கு அந்தச் சலுகை இல்ல. அந்த மாதிரிக் கதைகளைப் படிச்சு நம்பிக்கையை ஏத்திக்காதீங்க, அதே நேரத்துல யாரோ வாட்ஸப்ல அனுப்புற எக்மோன்னா அவ்வளவுதான்ங்கிற மெசேஜையும் நம்பாதீங்க. முறையா சோதிச்சுப் பார்த்த ஆய்வுகள்ல நான் படிச்சது மூணு. 2020-ல அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல நடந்தது, ரொம்பச் சின்னது, எக்மோ போட்ட 14 பேர்ல 6 பேர் உயிரோட ஆஸ்பத்திரியை விட்டுப் போனாங்க, வழக்கமான வைத்தியத்துல 15 பேர்ல ஒருத்தர்தான், வித்தியாசம் அவ்வளவு இருந்ததால பாதியிலயே நிறுத்திட்டாங்க. 2022-ல வெளிவந்த பிராக் நகர ஆய்வுல மூளை நல்லபடியா இருந்து ஆறு மாசம் தாண்டினவங்க எக்மோ பக்கம் 31.5 சதவீதம், வழக்கமான வைத்தியத்துல 22 சதவீதம், நல்லாத்தான் தெரியுது ஆனா புள்ளிவிவரக் கணக்குப்படி உறுதியா சொல்ல முடியல. 2023-ல நெதர்லாந்து ஆய்வு பத்து ஆஸ்பத்திரில நடந்துச்சு, ஒரு மாசத்துல மூளை நல்லபடியா இருந்து பொழைச்சவங்க எக்மோ பக்கம் 20 சதவீதம், மறுபக்கம் 16 சதவீதம், பெரிய வித்தியாசமே இல்ல. ஒரே மெஷின், ஏன் இப்படின்னு எனக்குக் குழப்பம். முதல் ரெண்டும் இதையே வேலையா வச்சிருக்கிற ஒரே இடத்துல நடந்தது, அங்க ஆள் தயாரா இருப்பாங்க, மூணாவது பல இடங்கள்ல சேர்ந்து நடந்துச்சு, மெஷின் ஓட ஆரம்பிக்க நேரமும் அதிகமாச்சு. அப்படித்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன். அதனால உங்க கேள்வி எக்மோ நல்லதா கெட்டதான்னு இருக்க வேணாம், இந்த டீம் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைப் பண்றாங்க, இவருக்கு எத்தனை நிமிஷத்துல போட்டாங்கன்னு இருக்கட்டும்.

அடுத்து வந்தது ரத்தம். மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க ஹெபரின் விடணும், ஸ்டென்ட் அடைக்காம இருக்க வேற மாத்திரை, இது எல்லாம் சேர்ந்தா எங்க பார்த்தாலும் கசியும். சிபிஆர்ல உடைஞ்ச எலும்புக்குள்ள, குழாய் போட்ட இடத்துல, மூக்குல. ஹெபரினைக் கொறைச்சா ஆக்சிஜனேட்டர்ல கட்டி பிடிக்குது, ஏத்தினா ஆள் கசியுறாரு, டாக்டர்கள் நாள் முழுக்க அதைத்தான் ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தாங்க. ரத்தம் குடுக்க ஆள் தேடுற வேலை முதல் நாள்லயே ஆரம்பிச்சிடுங்க, ராத்திரி கூப்பிட்டு உடனே வேணும்பாங்க. கிட்னியும் படுத்துடுச்சு, டயாலிசிஸ் போட்டாங்க, அதுக்கு நான் ஒடிஞ்சு போயிட்டேன், ஆனா எக்மோல இது சாதாரணம், பொழைச்சவங்க பலருக்கு கிட்னி திரும்பிடும்னாங்க, அவருக்கும் திரும்பிடுச்சு.

காலைப் பத்தித் தனியா சொல்லணும். தமனில அவ்வளவு பெரிய குழாய் இருந்தா அதுக்குக் கீழ காலுக்கு ரத்தம் சரியா போகாது, அதுக்குன்னே கீழ்ப்பக்கமா ஒரு சின்னக் குழாய் தனியா வைப்பாங்க. பார்க்கப் போறப்போ எல்லாம் ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு ஜில்லுனு இருந்தா, நிறம் வெளுத்திருந்தா, கெண்டைக்கால் கல்லு மாதிரி இருந்தா உடனே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. அவங்களும் பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க, இருந்தாலும் ரெண்டு கண்ணு கூட இருந்தா என்ன தப்பு. அதே மாதிரி ஆக்சிஜன் அளவை ஏன் வலது கைலயே பார்க்கிறாங்கன்னு கேட்டேன். இதயம் கொஞ்சம் தேறி அதுவா தள்ள ஆரம்பிச்சா, நுரையீரல் சரியில்லாதப்போ கெட்ட ரத்தத்தைத்தான் தள்ளும், அது முதல்ல போறது வலது கைக்கும் மூளைக்கும், கீழ இருந்து வர்ற மெஷின் ரத்தம் அங்க எட்டாது. கால் விரல்ல நூறு காட்டும், மூளை மூச்சுமுட்டிக்கிட்டு இருக்கும். இதைக் கேட்ட பிறகு நான் உள்ள போனா முதல்ல பார்க்கிறது வலது கைதான்.

ஆனா இது எல்லாத்தையும் விடக் கொடுமை மூளைக்காகக் காத்திருக்கிறது. மெஷின் சரியா ஓடுது, பிரஷர் சரி, லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஏறுறது) இறங்குது, எல்லாரும் ஸ்டேபிள் ஸ்டேபிள்ங்கிறாங்க. ஸ்டேபிள்னா தேறிட்டாருன்னு நான் நினைச்சுக்கிட்டேன், மெஷின்ல ஸ்டேபிள்னா மெஷின் ஸ்டேபிள்னுதான் அர்த்தம். மயக்க மருந்து ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் மூளை எப்படி இருக்குன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. மருந்தை நிறுத்தி, அது உடம்பை விட்டு இறங்கி, காய்ச்சல் வராம பார்த்து, குறைஞ்சது 72 மணி நேரம் போன பிறகுதான் நம்பகமா எதையாவது சொல்லலாம், கிட்னி கெட்டிருந்தா மருந்து இறங்க இன்னும் நாளாகும். அப்பவும் ஒரே டெஸ்ட்டை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குதா, மூளையோட மின் அலையைக் காட்டுற ஈஈஜி எப்படி, சிடி ஸ்கேன்ல வீக்கம் இருக்கா, நரம்பு சிக்னல் மூளைக்குப் போய்ச் சேருதா, ரத்தத்துல மூளை சேதம் காட்டுற என்.எஸ்.ஈ எவ்வளவு, எல்லாத்தையும் சேர்த்துத்தான். காலைல வர்ற டாக்டர் ஒண்ணு சொல்வாரு, ராத்திரி டியூட்டி டாக்டர் வேற சொல்வாரு, நீங்க ரெண்டுக்கும் நடுவுல கிடந்து சாவீங்க. தினம் ஒரே நேரத்துல ஒரே டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் வேணும்னு கேட்டு வாங்கிக்கோங்க. ஒரு நோட்டுல எழுதி வச்சு அதே கேள்விகளைத் தினமும் கேளுங்க, நேத்தை விட மெஷின் ஓட்டத்தைக் கொறைச்சீங்களா ஏத்தினீங்களா, எக்கோல, அதாவது இதய ஸ்கேன்ல, இதயம் தானா எவ்வளவு தள்ளுது, மயக்க மருந்து எப்போ நிறுத்தினீங்க, எப்போ மூளையை டெஸ்ட் பண்ணுவீங்க. இந்த நாலுக்கும் பதில் நல்ல திசைல நகருதான்னு நோட்டைப் பார்த்தா நமக்கே தெரியும்.

அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை வாய்விட்டுக் கேக்க எனக்குத் தைரியம் வர நேரமாச்சு. இதயம் தேறலன்னா அடுத்து என்ன? எக்மோல இருந்து வெளிய வர வழி ரொம்பக் கொஞ்சம், ஒண்ணு இதயம் தானா தேறணும், இல்ல இதயத்துக்கு உதவுற வேற பம்பு வைக்கணும், இல்ல மாற்று இதயம், இது மூணுக்கும் வழியில்லன்னா மெஷினை நிறுத்தணும். மூளை போயிடுச்சுன்னா முதல் மூணும் கிடையாது. இதைக் கேட்டா அபசகுனம்னு என் நாத்தனார் என்கிட்ட பேசாம இருந்தாங்க. ஆனா முதல் நாள்லயே, எந்தத் தேதியில உக்காந்து இதைப் பத்தி முடிவு பேசுவோம்னு டாக்டரே சொல்லிட்டா, நாம அந்தத் தேதி வரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கலாம். அந்த ஹால்ல என் பக்கத்து சேர்ல இருந்த அம்மாவோட மகனுக்கும் எக்மோதான். இதயம் நல்லாவே தேறிடுச்சு, மூளைதான் வரல. நிறுத்துற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, "மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு, நான் போய் எப்படி நிறுத்தச் சொல்றது"ன்னு கேட்டாங்க. எனக்கு இன்னும் அதுக்குப் பதில் தெரியாது. ஒண்ணு மட்டும் தோணுது, நிறுத்தினது அந்தம்மா இல்ல, மெஷின் மறைச்சு வச்சிருந்ததைத்தான் டாக்டருங்க எடுத்துச் சொன்னாங்க.

பணத்தைப் பத்திச் சொல்லாம விட்டா நான் சொன்னது முழுசா இருக்காது. நாம பணம் கட்டிப் பார்க்கிற இடமா இருந்தா இது நாள் கணக்குல ஏறுற பில்லு. மெஷினுக்குத் தனி, குழாய் செட்டுக்கும் ஆக்சிஜனேட்டருக்கும் தனி, அது கட்டி பிடிச்சு மாத்தினா திரும்பத் தனி, ரத்தம், டயாலிசிஸ், ஐசியு எல்லாம் தனித்தனி. எங்க சேமிப்பு மொத்தமும் போச்சு, அதுக்கு மேல கடன். இன்சூரன்ஸ் இருந்துச்சு, ஆனா அதுக்கு ஒரு உச்சவரம்பு, சில சாமான்களுக்குக் குடுக்கவே மாட்டோம்னாங்க. முதல் நாளே பில்லிங்ல போய் தினப்படி விவரமான பில் வேணும்னு எழுதிக் குடுங்க, ஆஸ்பத்திரில உதவிக்குன்னு இருக்கிற சோஷியல் ஒர்க்கரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. டாக்டர்கிட்ட பணத்தைப் பத்திப் பேசக் கூச்சப்படாதீங்க. இன்னும் எத்தனை நாள் ஓடும்னு நினைக்கிறீங்கன்னு கேட்டா, அது வைத்தியக் கேள்விதான், அதுலயே உங்க கணக்கும் அடங்கிடும்.

மெஷினை எடுத்தது ஒரே நாள் கூத்து இல்ல. ஓட்டத்தைப் படிப்படியா கொறைச்சு, நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் பக்கத்துல கொண்டு வந்து, எக்கோ வச்சு இதயம் தாங்குதான்னு பார்ப்பாங்க. முதல் தடவை தாங்கல, திரும்ப ஏத்திட்டாங்க, அன்னைக்கு நான் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்படி நினைக்காதீங்க, முதல் முயற்சியில எல்லாருக்கும் வராது. மறுபடி பண்ணப்போ தாங்குச்சு. அந்தக் கோடு மேல கீழ போக ஆரம்பிச்சதைப் பார்த்துட்டு நான் அழுதேன், சிஸ்டரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. குழாயை எடுத்துத் தமனியைத் தைச்சாங்க, வென்டிலேட்டர் எடுக்க இன்னும் நாளாச்சு. கண்ணைத் திறந்த பிறகு நம்மளைப் பார்த்துச் சிரிப்பாருன்னு எதிர்பார்க்காதீங்க. அவர் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாரு, ஆனா என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்க, நீயும் அவங்க ஆளுன்னு சொன்னாரு, ராத்திரில லைனைப் பிடுங்கப் போனாரு. டெலீரியம்னு பேராம், ஐசியுல இவ்வளவு நாள் மயக்க மருந்துல இருந்தா சகஜம், பெரும்பாலும் தானா போயிடும். வீட்டுப் போட்டோ, அவர் கண்ணாடி, ஒரு கடிகாரம், இன்னைக்கு என்ன கிழமைங்கிற போர்டு, இதை எல்லாம் எதிர்ல வச்சோம், கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சாரு.

வீட்டுக்கு வந்த பிறகு யாரும் சொல்லாத கஷ்டம் ஆரம்பிச்சுது. பழைய விஷயம் எல்லாம் ஞாபகம் இருக்கு, காலைல சொன்னது மத்தியானம் இல்ல. முன்கோபம் இல்லாத மனுஷன், இப்போ டம்ளர் கீழ விழுந்தா கத்துறாரு. குழாய் போட்ட பக்கத்துப் பாதம் தூக்க வரல, ஸ்ப்ளின்ட் போட்டு நடக்கிறாரு, பிசியோவால கொஞ்சம் கொஞ்சமா தேறுது. தொடை இடுக்குல புண்ணு ஆறாம சீழ் பிடிச்சு திரும்ப ஒரு தடவை அட்மிட் ஆனோம், காய்ச்சலோ கசிவோ இருந்தா வீட்ல வச்சுப் பார்க்காம உடனே போயிடுங்க. டிஸ்சார்ஜ் ஆகுறப்போ இதய டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மட்டும் குடுத்து அனுப்புவாங்க, நியூரோவும் ஞாபகசக்தி டெஸ்ட்டும் பிசியோவும் நீங்களா கேட்டு வாங்கணும். எனக்கும் தூக்கம் போச்சு, அவர் குறட்டை விட்டா எழுந்து உக்காந்து மூச்சை எண்ணுவேன். இதுக்கும் ஆள்கிட்ட போய்ப் பேசினேன், நோயாளியோட குடும்பத்துக்கு வர்றது ரொம்ப சகஜம்னு சொல்லி மருந்தும் ஆலோசனையும் குடுத்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

உடம்புக்குள்ள வைக்கிற ஷாக் மெஷின் ஐசிடி வேணாமான்னு எல்லாரும் கேக்கிறாங்க. அடைப்பாலதான் இதயம் நின்னுச்சு, அடைப்பைத் திறந்தாச்சு, அதனால உடனே வைக்கல, ஸ்டென்ட் வச்சு மூணு மாசம் மருந்து சாப்பிட்ட பிறகு எக்கோ எடுத்து, இதயம் தள்ளுற அளவு 35 சதவீதத்துக்கு மேல வந்துடுச்சான்னு பார்த்து முடிவு பண்ணுவோம்னாங்க. வந்துடுச்சு, அதனால இப்போதைக்கு வேணாம். சின்ன வயசுலயே அடைப்பு வந்ததால பசங்களுக்கும் கொழுப்பு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. பெரியவனுக்கு எடுத்தாச்சு, கொஞ்சம் கூடத்தான் இருக்கு, டாக்டர் இப்பவே பார்த்தது நல்லதுன்னாரு. சின்னவளுக்கு ஊசின்னா பயம், பரீட்சை முடியட்டும்னு சாக்கு சொல்லிட்டு இருக்கா, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிடணும்.